இக்போ மொழிக்குச் சாவு இல்லை, சிக்கல் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "2025-க்குள் இக்போ மொழி அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொல்லிவிட்டது" என்ற வரி நைஜீரியாவில் பல ஆண்டுகளாகச் சுற்றியது. அரசியல்வாதி சொன்னார், பாதிரியார் சொன்னார், பத்திரிகை போட்டது. தமிழும் அழியப்போகும் மொழிகளின் பட்டியலில் இருக்கிறது என்று இங்கே அவ்வப்போது கிளம்பும் புரளியை அறிந்தவர்களுக்கு இதன் சுவை உடனே பிடிபடும். 2025 வந்தது, போனது. நைஜீரியாவின் தென்கிழக்கில் அபியா, அனம்ப்ரா, எபொனி, எனுகு, இமோ என்ற ஐந்து மாநிலங்களிலும், டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களின் சில பகுதிகளிலும் இக்போ பேச்சு எப்போதும்போல் நடக்கிறது. பேசுவோர் மூன்று கோடி இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மதிப்பீடுதான், கணக்கு அல்ல. 1991, 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இனத்தையும் மதத்தையும் கேட்கவே இல்லை. 2013-இல் கூகுள் மொழிபெயர்ப்பில் இக்போ சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் பிபிசி இக்போ சேவையைத் தொடங்கியது. சாகக் கிடக்கும் மொழிக்கு யாரும் புதிதாகச் செய்தி அறை திறப்பதில்லை.

அப்படியானால் கவலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. இக்போவுக்குப் பேச ஆள் குறைந்தது எப்போதும் பிரச்சினையாக இருந்ததில்லை. யாருடைய இக்போ, அதை எப்படி எழுதுவது, குழந்தைக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்ற மூன்றில்தான் அது இருநூறு ஆண்டுகளாகத் தடுக்கி விழுகிறது. "அழிகிறது, அழிகிறது" என்ற கூப்பாட்டில் இந்த மூன்றும் காதில் விழாமலே போகின்றன. வெளிநாடுகளில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துவோருக்கும், நைஜீரிய வணிகர்கள் பின்னலாடை வாங்க வந்துபோகும் திருப்பூருக்கும் (அவர்களில் பலர் இக்போக்கள்) இது சம்பந்தமில்லாத விஷயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேடிக்கை, இக்போ முதன்முதலில் எழுதப்பட்டது இக்போ மண்ணில் அல்ல என்பது. கரீபியத்தின் டேனிஷ் தீவுகளுக்கு 1767-இல் சென்ற ஓல்டெண்டார்ப் என்ற மொரேவியப் பாதிரியார், அங்கே அடிமைகளாக இருந்தவர்களிடம் கேட்டுக் குறித்த சொற்கள் 1777-இல் அச்சேறின. அடுத்த கட்டம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் நடந்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் பேசிய கலப்பு வழக்குக்கு இசுவாமா என்று பெயர். 1857-இல் சாமுவேல் அஜாயி குரோத்தர் என்ற யொருபாப் பாதிரியார் அந்த வழக்கில் ஓர் அரிச்சுவடி வெளியிட்டார். அதே ஆண்டு நைஜர் ஆற்றங்கரை ஒனிச்சாவில் மிஷன் தொடங்கியபோது, அதன் பொறுப்பை ஏற்றவர் ஜே. சி. டெய்லர். ஃப்ரீடவுனில் இக்போப் பெற்றோருக்குப் பிறந்தவர். அரிச்சுவடியை விரித்தபோதுதான் தெரிந்தது, ஒனிச்சாக்காரர்கள் எவரும் அந்த இக்போவைப் பேசுவதில்லை. புலம்பெயர்ந்த இடத்தில் பல ஊர்ப் பேச்சு உரசி உரசி உருவான மொழி அது. ஊருக்குத் திரும்பி வந்தபோது அதற்குச் சொந்த ஊரே இல்லை. சில பத்தாண்டுகள் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

இரண்டாவது முயற்சி இன்னும் பெரியது. தாமஸ் டென்னிஸ் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் ஒனிச்சா, ஒவெரி, உன்வானா, அரோச்சுக்வு, பானி என்ற ஐந்து வழக்குகளிலிருந்து சொல் பொறுக்கி 'யூனியன் இக்போ' என்று ஒன்றைக் கட்டினார். 1913-இல் முழு பைபிளும் அதில் வந்தது. எல்லோருக்கும் ஓரளவு புரிந்தது, எவருக்கும் சொந்தமாகத் தோன்றவில்லை. இக்போ நாவலாசிரியர் சினுவா அச்செபே கடைசிவரை இதை மன்னிக்கவில்லை. மொழியின் ஓசையையும் சொலவடையையும் கொன்ற வேலை என்பதே அவர் கட்சி. என் கணிப்பில் அவர் பாதி சரி. வழிபாட்டுக்கு ஒரே புத்தகம் வேண்டும் என்ற நெருக்கடியில் டென்னிஸ் செய்ததைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த பைபிளை ஒரு தலைமுறை மனப்பாடமாகச் சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாளில் 'இக்போ இசுக்பே' என்ற பொது இக்போவைப் பள்ளிப் பாடமாக ஏற்றுக்கொள்ள வைத்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு.

மூன்றாவது, எழுத்துச் சண்டை. இது நம்மவர்களுக்கு மற்ற இரண்டையும்விட நன்றாகப் புரியும். இக்போவுக்கு உயிர் எட்டு. ரோமன் எழுத்தில் இருப்பது ஐந்து. மீதி மூன்றை எப்படிக் காட்டுவது? பழைய மிஷன் எழுத்தில் கீழ்க்குறிகள் இருந்தன. 1929-இல் லண்டனிலிருந்த ஆப்பிரிக்க மொழிகள் நிறுவனத்தின் வழியே புதிய எழுத்து வடிவங்கள் வந்தன. அரசும் கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் புதியதை ஏற்றார்கள். 1913 பைபிளைப் பழைய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்த ஆங்கிலிகன் மிஷன் மறுத்தது. விளைவு, ஒரே ஊரில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இரண்டு எழுத்தில் படித்தார்கள். ஒரு தரப்பின் புத்தகத்தை மறு தரப்பின் பள்ளி வாங்காது. 1949-இல் எஃப். சி. ஒக்பாலு இக்போ மொழி பண்பாட்டு வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது சண்டைக்கு வயது இருபது. எஸ். இ. ஒன்வூ தலைமையிலான குழு 1961-இல் கொடுத்த எழுத்துமுறைதான் இன்றுவரை நிற்கிறது. உயிர் 8, மெய் 28, மொத்தம் 36. இ, ஒ, உ என்ற மூன்றுக்கும் புள்ளி இல்லாத வடிவம் ஒன்று, கீழ்ப்புள்ளி வைத்தது ஒன்று. மெய்களில் மூக்கொலி ஒன்றுக்கு மேற்புள்ளி. 1929 முதல் 1961 வரை 32 ஆண்டுகள், எழுத்தறிவு வேகமாகப் பரவிய காலம் முழுவதும், இதில் போயிற்று. இக்போ மக்களிடமிருந்து ஆங்கிலத்தில் அத்தனை பெரிய இலக்கியமும் இக்போவில் அதில் சிறு பங்கும் வந்ததற்கு இது ஒன்றே காரணம் அல்ல. ஆனால் காரணங்களில் இதை முதலில் வைப்பேன்.

புள்ளிக்கு வருவோம். இன்று கைப்பேசியில் இக்போ எழுதும் பெரும்பாலானவர்கள் புள்ளி வைப்பதில்லை. எகர ஒகரங்கள் மேலே புள்ளி பெற வேண்டும் என்ற இலக்கணம் இருந்தும், ஓலை கிழியும் என்று புள்ளியில்லாமலே எழுதிய மரபு நம்முடையது. அதனால் அவர்களைக் குறைசொல்லும் தகுதி நமக்கு இல்லை. பழகிய வாசகர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். பழகாத குழந்தைக்கு முடியாது. இங்கே ஒரு பயனுள்ள உபாயம் உண்டு, பல இக்போ வகுப்புகளில் இதைச் சொல்வதே இல்லை. இக்போ உயிர்கள் இரண்டு அணியாக நிற்கும். அகரமும் கீழ்ப்புள்ளி பெற்ற மூன்றும் ஓர் அணி. எகரமும் புள்ளி இல்லாத மூன்றும் மறு அணி. ஒரு தனிச்சொல்லில் இரண்டு அணியும் கலப்பதில்லை. எனவே புள்ளியில்லாமல் எழுதிய சொல்லில் அகரம் ஒன்று தென்பட்டால் மற்ற உயிர்களுக்குப் புள்ளி வைத்துவிடலாம், எகரம் தென்பட்டால் வைக்க வேண்டாம். புத்தகத்தைக் குறிக்கும் 'அக்வுக்வோ'வில் முதலெழுத்து அகரம், ஆகவே பின்னால் வரும் இரண்டுக்கும் புள்ளி உறுதி. உபாயம் தவறும் இடங்கள் மூன்று. கூட்டுச் சொற்களில் அணி கலக்கும், மனிதப் பெயர்களில் பாதிக்கு மேல் கூட்டுச் சொற்களே. ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களை நம்ப முடியாது. வினையின் ஈற்றில் ஒட்டும் சில உருபுகளும் இதற்குக் கட்டுப்படா. இவை போக, அகரமும் எகரமும் இல்லாத சொற்கள் எஞ்சும். நெருப்பும் அழைப்பும் புள்ளியில்லாமல் எழுதினால் ஒன்றாகிவிடும். இவற்றைத் தனிப் பட்டியலாகப் படிப்பதைத் தவிர வழியில்லை.

கணினியில் இன்னொரு தொல்லை. கீழ்ப்புள்ளி உயிரை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், வெறும் எழுத்துக்குப் பின்னால் தனிப் புள்ளியைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டும் வேறு. நம் 'கொ'வை ஒரு குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்ட முடிவதால் வரும் அதே குழப்பம். இக்போச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலில் ஒருவர் பெயர் இரண்டு முறை ஏறுவதும், தேடினால் ஒருமுறைகூட வராததும் இதனால்தான். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் தீரும். குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறி சேர்ந்த புள்ளி உயிர்களுக்கு ஒற்றைக் குறி கிடையாது. அங்கே சேர்ப்புக் குறியே கதி, சில எழுத்துருக்களில் அது எழுத்தை விட்டு நகர்ந்து நிற்கும். விண்டோஸிலும், கைப்பேசிக்கான கூகுளின் ஜிபோர்டிலும் இக்போ விசைப்பலகை இருக்கிறது. இலவசம்தான். அமைப்புகளுக்குள் போய் அதைச் சேர்க்க வேண்டும் என்பது தெரியாமலே பலர் புள்ளியைத் துறந்துவிட்டார்கள்.

மொழி உண்மையில் மெலிகிற இடம் எது என்று கேட்டால் லண்டன், ஹூஸ்டன் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் லாகோஸையும் அபூஜாவையும் சொல்வேன். வெளிநாட்டில் இருப்பவருக்குக் குற்ற உணர்வு உண்டு, அதனால் வகுப்பு, சங்கம், புதுயாம் கிழங்கு அறுவடை விழா என்று ஏதாவது செய்வார். லாகோஸில் இருப்பவர் சொந்த நாட்டில்தான் இருக்கிறார், எனவே எதையும் செய்யத் தோன்றாது. பிள்ளை பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலமும் யொருபாவும் பேசும். தாய்மொழி பேசினால் தண்டனை தருகிற தனியார் பள்ளிகள் நம் ஊர் போலவே அங்கேயும் இருந்திருக்கின்றன. அரசுக் கொள்கையும் உறுதியாக நின்றதில்லை. 2022 நவம்பரில் தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டும் தாய்மொழி வழியே என்று நைஜீரிய அமைச்சரவை முடிவெடுத்தது. 2025 நவம்பரில், இக்போ சாக வேண்டிய அதே ஆண்டில், அமைச்சர் துஞ்சி அலௌசா அதை ரத்து செய்து எல்லா நிலையிலும் ஆங்கிலமே என்று அறிவித்தார். தேர்வுத் தோல்விகளை அவர் காரணமாகக் காட்டினார். பெரும்பாலான பள்ளிகளில் நடைமுறைக்கே வராத ஒரு கொள்கை எப்படித் தேர்வில் தோற்க வைத்தது என்று விமரிசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இனி வகுப்பறை. வெளிநாட்டு வார இறுதி இக்போ வகுப்புகள் தடுமாறுவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல, பாடத்திட்டம். ஆங்கிலக் குழந்தைப் பாடத்தை அப்படியே பெயர்த்து உடல் உறுப்பு, பழம், விலங்கு, நிறம் என்று படம் ஒட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். நிறப்பாடம் முதல் நாளே சிக்கும். வெள்ளை, கறுப்பு, சிவப்புக்கு அப்பால் இக்போ பெரும்பாலும் பொருளைச் சொல்லித்தான் நிறம் சொல்லும். பச்சைக்கு 'உயிருள்ள இலை' என்பார்கள். பன்னிரண்டு வண்ண மெழுகுக் குச்சிக்கும் ஒற்றைச் சொல் தேடும் ஆசிரியர் கடைசியில் தானே சொல் செய்து கொடுப்பார். அடுத்த ஊர்க்காரர் அதை மறுப்பார்.

அதைவிடப் பெரிய குறை, இக்போவின் உயிர்நாடி வினையில் இருக்க, பாடம் முழுக்கப் பெயர்ச்சொல்லாக இருப்பது. 'க்பா' என்ற ஒரு வினையடி பெயரோடு சேர்ந்து ஓடுவதற்கும், ஆடுவதற்கும், மல்யுத்தத்துக்கும், துப்பாக்கி சுடுவதற்கும், பந்தாடுவதற்கும், குறி சொல்வதற்கும், காட்டிக்கொடுப்பதற்கும் ஆகும். கண்ணடி, விசிலடி, அரட்டையடி, வெள்ளையடி என்று நாம் ஓர் 'அடி'யை வைத்துக்கொண்டு செய்வதுதான். இவற்றைத் துண்டு துண்டாக அகராதியில் தேடிக் கற்க முடியாது. செய்ய வேண்டியது, முதல் இரண்டு மாதத்துக்குப் பெயர்ச்சொல் பாடத்தை ஒதுக்கிவிட்டு இருபது வினையடிகளை எடுப்பது. பத்து அகர அணி, பத்து எகர அணி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இகரம் சேர்த்தால் 'செய்ய' என்ற வடிவம் வரும், 'ன' என்ற துணையோடு அகரமோ எகரமோ சேர்த்தால் 'செய்துகொண்டிருக்கிற' வடிவம் வரும். சமைப்பதற்கான 'சி' எகர அணி, ஆகவே 'ன-எசி'. 'க்பா' அகர அணி, ஆகவே 'ன-அக்பா'. எதற்கு எது என்று குழந்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, இருபதாவது வினைக்கு வரும்போது காதே தேர்ந்தெடுக்கும். புள்ளி வைக்கும் அறிவும் இதிலேயே வந்துவிடும்.

தொனி பற்றி எழுதும் எவரும் 'அக்வா' என்ற சொல்லை நான்கு விதமாகச் சொன்னால் நான்கு பொருள் வரும் என்று காட்டாமல் விடுவதில்லை. காட்சிப் பொருள்தான் அது. பேச்சில் முட்டையையும் துணியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. தொனி இல்லாமல் உண்மையில் உடைவது இலக்கணம். நாம் 'வந்தார்' என்பதன் ஈற்றில் ஆகாரம் சேர்த்து 'வந்தாரா' என்று கேள்வியாக்குகிறோம். இக்போவில் அப்படி எந்த எழுத்தும் சேராது. வாக்கியத்தின் தொடக்கத்தில் உள்ள 'ஒ' என்ற சுட்டுப்பெயர் உயர்தொனியில் இருந்தால் செய்தி, தாழ்தொனியில் இருந்தால் கேள்வி. எழுவாய் ஒரு பெயராக இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு, அதன் பின் தாழ்தொனி 'ஒ'வைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளை என்ன செய்யும்? வாக்கியத்தின் கடைசியில் குரலை உயர்த்தும். பாட்டி அதைச் செய்தி என்று எடுத்துக்கொண்டு, "ஓகோ, வந்துவிட்டானா" என்று பேசாமல் இருப்பார். பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கும். 'பாட்டிக்கு நான் பேசுவது புரியவில்லை' என்று அது முடிவு கட்டும் இடம் இதுதான். அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் தாவ ஒரு நிமிடம் போதும். திருத்துவது கடினமல்ல. ஒரே வாக்கியத்தைச் செய்தியாகவும் கேள்வியாகவும் மாற்றி மாற்றிச் சொல்லும் பயிற்சி, வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம். சொல்லில்லாமல் முனகலாகவோ விசிலாகவோ முதலில் செய்தால் இன்னும் சீக்கிரம் பிடிபடும். இக்போத் தாரையும் மத்தளமும் பேசுவது இதே தொனிப் படியை வைத்துத்தான்.

எண்களில் ஒரு தலைமுறைப் பிளவே நடந்துவிட்டது, அதிகம் பேர் கவனிக்கவில்லை. பழைய இக்போ எண்ணிக்கை இருபதை அடியாகக் கொண்டது. இருபதுக்கு 'ஒகு', நானூறுக்கு 'ன்னு'. ஐம்பது என்றால் இரண்டு ஒகுவும் பத்தும். நூறு என்றால் ஐந்து ஒகு. முந்நூறு என்றால் பதினைந்து ஒகு. பள்ளிப் பாடம் இதைப் பத்தடிமானத்துக்கு மாற்றியது. இருபது இரண்டு பத்தாயிற்று, நூறுக்கு 'நாரி', ஆயிரத்துக்கு 'புக்கு'. கணக்குப் பாடத்துக்கு இது வசதி, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் புதியதை மட்டும் கற்ற பிள்ளை டிசம்பரில் ஊருக்குப் போய்ச் சந்தையில் நின்றால், கிழவி சொல்லும் விலை அதற்கு அந்நிய மொழி. இரண்டையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழையதை நானூறு வரை, பொருளை வைத்து இருபது இருபதாகக் குவித்து. அதற்கு மேல் புதியது போதும்.

இத்தனை ஓட்டைகளுக்கு நடுவே எந்தப் பாடத்திட்டமும் இல்லாமல் மொழியைப் பிடித்து நிறுத்துவது எது என்றால் கோலா கொட்டை. இக்போவில் 'ஒஜி'. நம் வெற்றிலை பாக்கு மாதிரி விருந்தினருக்கு முதலில் வைப்பது. ஆனால் விதிமுறை பல மடங்கு கண்டிப்பு. வீட்டுக்காரர் தட்டில் கொண்டுவருவார். அது உடனே உடைபடாது. வந்திருக்கும் ஒவ்வொரு கிளையாரின் கையிலும் உறவு முறைப்படி போய்க் காட்டப்பட்டு, வீட்டுக்காரரிடமே திரும்பி வர வேண்டும். மூத்தவர் கையில் எடுத்துக் கடவுளையும் நிலத்தையும் முன்னோரையும் அழைத்து வேண்டுவார். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் கூடியிருப்போர் "இசே" என்பார்கள். பிறகு இளையவர் ஒருவர் பிளப்பார். வீட்டுக்காரர் முதல் துண்டை எடுத்துத் தின்ன வேண்டும், நஞ்சு இல்லை என்பதற்குச் சான்று. பின்னரே மற்றவர்களுக்கு. வேற்றூர் விருந்தினர் ஒன்றை முழுதாக எடுத்துச் செல்வார். கோலா வீடு போய்ச் சேர்ந்தால் எங்கிருந்து வந்தது என்று தானே சொல்லும் என்பது வழக்கு.

சடங்குக்கு உரியது 'கோலா அக்யூமினாட்டா' என்ற இனம். மூன்று பிளவு முதல் அதற்கு மேலும் இருக்கும். மூன்று இருந்தால் வீரத்துக்கு, நான்கு என்றால் இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாளுக்கு, ஐந்து என்றால் செழிப்புக்கு. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 'கோலா நிட்டிடா', இரண்டே பிளவு, 'க்வோரோ' என்பார்கள். மென்று தின்ன அது நல்லது, சடங்குக்கு ஆகாது. வெளிநாட்டுக் கூட்டங்களில் இனம் தெரியாமல் க்வோரோவை வாங்கி வந்து பெரியவர்களிடம் திட்டு வாங்குவது சகஜம். வாங்கியதைக் காற்றுப் படும்படி வைத்தால் சுருங்கிக் கறுக்கும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். இலை பரப்பிய கூடையில் வைத்து அடிக்கடி எடுத்துப் பார்த்து, வண்டு துளைத்ததை உடனே ஒதுக்கிவிட வேண்டும். இன்னொரு தகராறு, காட்டும் வரிசை. ஊரில் யார் மூத்த கிளை என்பது எல்லோருக்கும் தெரியும். ஹூஸ்டனில் ஐந்து மாநிலத்தார் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்த வரிசை செல்லாது. கூட்டம் தொடங்கும் முன்பே வரிசையை முடிவு செய்து அறிவித்துவிடுவது ஒன்றே வழி. இல்லாவிட்டால் கோலாவிலேயே ஒரு மணி நேரம் போகும். பெண்கள் கோலா உடைப்பதில்லை என்ற விதி மீதான விவாதம் தனிக் கடிதத்துக்கு உரியது.

கவனிக்க வேண்டியது, கோலாவுக்கு ஆங்கிலம் காது கேட்காது என்பது விதி. கிறிஸ்துவின் பெயரால் முடிகிற வேண்டுதலும் இக்போவில்தான் நடந்தாக வேண்டும். ஆகவே எந்த நாட்டில் எத்தனை பட்டம் பெற்றவர்கள் கூடினாலும், தங்குதடையின்றி இக்போ பேசுகிற ஒருவர் அங்கே இருந்தே தீர வேண்டும். இளைஞர்களுக்கு அந்த இடத்தின் மேல் ஆசையும் உண்டு. வேண்டுதல் முடிந்த மறுநிமிடம் அதே கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது என்பதுதான் வேதனை. ஊர்ச் சங்கங்கள் பணம் திரட்டிப் பள்ளி கட்டுகின்றன, சாலை போடுகின்றன. அவற்றின் குறிப்பேடு இக்போவில் இருந்திருந்தால், புள்ளி வைத்த உரைநடைக்கு எவ்வளவோ பயிற்சி கிடைத்திருக்கும்.

பெயர்களும் தம்மளவில் நிறையத் தாங்கி நிற்கின்றன. இக்போ வாரம் நான்கு நாள்: எகே, ஒரியே, அஃபோ, ன்க்வோ. ஏழு நாள் வாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் 28 நாளுக்கு ஒருமுறை அதே கிழமையில் அதே சந்தை நாள் வரும். ஒகேகே, ஒகோரியே, ஒகாஃபோர், ஒகோன்க்வோ என்ற குடும்பப் பெயர்கள் முறையே அந்த நாளில் பிறந்த ஆண் என்று சொல்பவை. பெயரை வைத்துக்கொண்டு நாள் தெரியாமல் வாழும் பேரன்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஊர்ப்பெயரில் கதை கசப்பானது. பயாஃப்ரா என்ற தனிநாட்டுக்காக 1967 முதல் 1970 வரை நடந்த போருக்குப் பின், தோற்ற இக்போப் பக்கத்தின் அடையாளம் ஆபத்தாகத் தெரிந்த நாட்களில், ரிவர்ஸ் மாநிலத் தலைநகர் போர்ட் ஹார்கோர்ட் சுற்றுவட்டாரத்தில் 'உமு' என்று தொடங்கிய ஊர்கள் 'ருமு' ஆயின. ஒபிக்போ ஒயிக்போ ஆயிற்று. அங்குள்ள இக்வெரே மக்களில் பலர் தாங்கள் தனி இனம் என்கிறார்கள், சிலர் இக்போவின் கிளை என்கிறார்கள். வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு வேலையில்லை. இக்போ பேசுவோர் எத்தனை பேர் என்று ஒரே எண்ணை எழுதும்போது இவர்களைச் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்லிவிட்டால் போதும்.

கடைசியாக, நம் நாளிதழ்களுக்குச் சில வேண்டுகோள்கள். 'இபோ' என்பது காலனிக் கால எழுத்து, 'இக்போ' என்றே எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போது 'இக்' என்று நிறுத்திவிட்டு 'போ' என்று சொல்லக் கூடாது. நாவின் அடி மேலே ஒட்டியிருக்க, உதடும் மூடியிருக்க, இரண்டையும் ஒரே நேரத்தில் விட வேண்டும், 'இ' தனியாகவும் மீதி சேர்ந்தும் வரும். திருப்பூர்ச் செய்திகளில் 'நைஜீரிய மொழி' என்று ஒன்று வருகிறது. அப்படி மொழி கிடையாது. இக்போவா, யொருபாவா, ஹவுசாவா என்று கேட்டு எழுதுங்கள். மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ மொழிபெயர்ப்பாளர் தேடும்போது அந்த ஒரு கேள்வி அரை நாளை மிச்சப்படுத்தும். பெயர்களில் ஒன்று: சுக்வுஎமெகா என்று கடவுச்சீட்டில் இருப்பவரை ஊரார் எமெகா என்பார்கள், சுக்வுஎபுகா எபுகா ஆவார், சுக்வுனொன்சோ நொன்சோ ஆவார். இது அவர்கள் பெயரைச் சுருக்கும் வழக்கம். 'இரண்டு பெயர்களில் நடமாடியவர்' என்று தலைப்புப் போடும் முன் இதை ஒருமுறை சரிபார்க்கவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.